பழுது நீக்குதலும் பழுது மறைத்தலும்

பழைய பொருள் ஒன்றைப் புதுப்பிக்கிறவன் அதற்கு மீண்டும் வாழ்வளிக்கிறானா, அல்லது அதன் வயதைப் பிறர் கண்ணுக்கு மறைக்கிறானா? இவ்வினா ஓவியங்களுக்கும் அரண்மனைகளுக்கும் உரியது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சேறு படிந்த டிராக்டர் ஒன்றுதான் இதை என் வீட்டு வினாவாக ஆக்கியது. அதைச் சொல்லுமுன், இத்தொழிலின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம்.

சென்ற நூற்றாண்டில் உழவின் முகத்தையே மாற்றிய இயந்திரங்களுள் ஒன்று, ஹாரி பெர்குஸன் உருவாக்கிய டி.இ.20 என்னும் சிறிய டிராக்டர். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லாமல், மூன்று இணைப்புகளால் வண்டியோடு ஒன்றாக்கி, எண்ணெயின் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் செய்தது பெர்குஸனின் முறை. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்தை அடைந்ததும் இவ்வகை டிராக்டர்களில்தான். பெர்குஸனின் நிறுவனம் 1953-இல் மாஸ்ஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் வழியாக அம்மரபு நம் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

அந்தச் சாம்பல் நிற வண்டிகளைத் தேடிப்பிடித்துச் செப்பனிடுவோர் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இன்றும் பலர் உளர். அவர்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. ஒரு சாரார், வண்டி ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கவேண்டும் என்பர். மற்றொரு சாரார், ஓட்டுநரின் காலடி பட்டுத் தேய்ந்த மிதிகட்டையும், வெயிலில் வெளுத்த நிறமும் அவ்வண்டியின் வரலாறு. அவற்றைத் துடைத்தெறிய நமக்கு உரிமையில்லை என்பர். பிஸ்டன், லைனர், கியர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், இறுதியில் நிற்பது பழைய வண்டியா புதிய வண்டியா என்று கேட்டு மகிழும் தத்துவப் பிரியர்களும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. உழுகிறவனுக்கு வேண்டியது வண்டியின் பெயர் அன்று. அதை நம்பி நாளை வயலில் இறங்கலாமா என்பதே.

வண்ணப்பூச்சைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது, நோயறியும் வேலை. ஓடாத வண்டி முன் நிற்கும் நல்ல மெக்கானிக் முதலில் எதையும் கழற்றுவதில்லை. கேட்கிறான், முகர்கிறான், புகையைப் பார்க்கிறான். டீசல் எஞ்சினில் கரும்புகை வந்தால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று கிட்டவில்லை. நீலப்புகை என்றால் மசகெண்ணெய் எரிகிறது. வெண்புகை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் எங்கோ நுழைந்திருக்கிறது. பெட்ரோலில் ஓடும் பழைய பெர்குஸனில் கம்ப்ரெஷன் குறைந்திருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துள்ளன. உயராவிட்டால் குறை வால்வுகளின் பக்கம். ஒரு கரண்டி எண்ணெயில் ஐயம் தீர்ந்துவிடுகிறது! அரைகுறை மெக்கானிக்கோ வந்ததும் பம்பின்மேல் பழி போடுகிறான். பம்பை மாற்றியபின் நாசில்மேல் போடுகிறான். டாங்கியிலிருந்து வரும் குழாயில் ஓர் இணைப்பு தளர்ந்து காற்றுப் பிடித்திருப்பது கடைசியில் தெரியவரும். மனிதர்களைப் பற்றி நாம் தீர்ப்புக் கூறும் முறை இதைவிட மேலானது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இனி என் தாய்மாமாவின் கதைக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன், காவிரிப் பாசனப் பகுதியில் எட்டு ஏக்கர் நிலம் வைத்திருந்த அவர், மாமியின் நகைகளை விற்றுப் பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர் ஒன்றை வாங்கினார். தரகர் ஒருவர் கொண்டுவந்து நிறுத்திய அவ்வண்டி மணப்பெண் போல் மின்னியது. மாமா சாவி போட்டார், உடனே ஓடியது. விலை பேசி முடித்தார்.

நடவுக்கு முந்திய சேற்றுழவில், மூன்றாம் நாள் வண்டி கொதித்தது. எஞ்சின் எண்ணெயை அளக்கும் குச்சியை எடுத்துப் பார்த்தபோது எண்ணெய் கருப்பாக இல்லை. மோர் போல் வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது. உள்ளூர் மெக்கானிக் பூச்சைச் சுரண்டிப் பார்த்தார். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், விரல் நீளத்திற்கு ஒரு வெடிப்பு. அதன்மேல் பசை அப்பி, தேய்த்து, அழகாக வண்ணம் பூசியிருந்தார்கள். வார்ப்பிரும்பு அப்படித்தான் கெடும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்க மறந்தால் அது உறைந்து விரிந்து பிளாக்கைப் பிளக்கும். நம் ஊரில் கொதிக்கும் எஞ்சினில் அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றுவதால் பிளக்கிறது.

அந்தப் போகம் வாடகை ஏரும் கடனுமாகக் கழிந்தது. மாமி ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் மாமாவை மிகவும் வருத்தியது.

குற்றம் யாருடையது? தரகர், "எனக்குத் தெரியாது" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். பார்க்காதிருப்பதே தம் தொழிலுக்கு நல்லது என்று கண்டுகொண்ட மனிதர்கள் உண்டு. அவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. விற்றவர், "வாங்குகிறவர் பார்த்துத்தானே வாங்கினார்?" என்றார். நம் மார்க்கச் சட்ட நூல்கள் இந்த விடையை ஏற்பதில்லை. விற்பவன் அறிந்த குறையைச் சொல்லக் கடமைப்பட்டவன். மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித்தர வாங்கியவனுக்கு உரிமையுண்டு என்பது அவற்றின் முடிபு. ஆனால் உரிமை ஏட்டில் இருந்தது. மாமாவிடம் இருந்ததோ ஒரு துண்டுச் சீட்டு.

என்னை நெடுநாள் உறுத்தியவர் விற்றவரும் அல்லர், தரகரும் அல்லர். அந்தப் பசையை அப்பிய கைக்குரியவர். அவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கூலிக்கு வேலை செய்த ஏதோ ஒரு பட்டறைக்காரர். வண்டி அவருடையதன்று. விற்கப்போவதும் அவரல்லர். முதலாளி சொன்னார், இவர் செய்தார். மறுத்திருந்தால் அடுத்த பட்டறையில் அதே வேலை நடந்திருக்கும். இவ்வளவும் அவருக்குச் சாதகமான வாதங்கள்தாம். ஆயினும் அந்த வெடிப்பைக் கண்ணாரக் கண்டவர் அவர் ஒருவரே. அறிவு யாரிடம் இருக்கிறதோ பொறுப்பும் அவரிடமே தங்கும். கூலி வாங்கியதால் அது முதலாளிக்கு மாறிவிடாது என்றே நான் கருதுகிறேன். வாங்க வருபவனை ஓடித் தேடிச் சொல்லவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மறைக்கும் பூச்சைத் தம் கையால் பூசாதிருந்தால் போதும். வெடிப்பு தன் கதையைத் தானே சொல்லியிருக்கும்.

இதற்கு மாறான கையையும் நான் கண்டேன். மாமாவின் மெக்கானிக் அந்த பிளாக்கை முழுவதும் கழற்றி, வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டார். அங்கே துளையிட்டால் வெடிப்பு மேற்கொண்டு ஓடாது. பின்னர் இரும்பை மெல்லச் சூடேற்றி, சிறிது சிறிதாகப் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். வார்ப்பிரும்பு அவசரத்தைப் பொறுக்காது. வண்டியைப் பூட்டியபின் மாமா வண்ணம் பூசச் சொன்னார். அவர் எல்லா இடத்திலும் பூசினார், பற்றவைத்த இடத்தைத் தவிர.

"அது மட்டும் ஏன் மேஸ்திரி அசிங்கமா நிக்குது?" என்று மாமா கேட்டார்.

"நிக்கட்டும் பாய். நாளைக்கு வேற ஒருத்தன் இதுல கை வைப்பான். அவனுக்குத் தெரியணும்ல" என்றார் அவர்.

அந்த வண்டி இன்னும் ஒன்பது ஆண்டுகள் உழுதது. மாமா அதை விற்கும்போது நானும் உடன் இருந்தேன். வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பற்றவைத்த இடத்தைக் கண்டார். மாமா நடந்ததை முழுவதும் சொன்னார். வந்தவர் தயங்கினார், விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்டார். மாமா உள்ளே திரும்பி மாமியைப் பார்த்தார். அந்த நகைகளின் விலை அவ்வளவில் மீளாது என்று இருவருக்கும் தெரியும். மாமி தலையசைத்தார். வந்தவர் மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினார்.