ஐந்து அடியும் அடுத்த வீடும்

கலிபோர்னியாவில் பெர்க்லியும் ஓக்லண்டும் ஒட்டியிருக்கும் இரண்டு நகரங்கள். மலைச்சரிவுத் தெருக்களில் நடந்தால், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று சட்டெனத் தெரியாது. 1991 அக்டோபரில் அங்கே பரவிய தீயும் அதைப் பார்க்கவில்லை. 25 பேர் இறந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அழிந்தன. பெரும்பாலானவை ஓக்லண்டில் இருந்தவை, ஆனால் பெர்க்லி பக்கமும் வீடுகள் போயின.

தீ பார்க்காத அந்த எல்லையைச் சட்டம் பார்க்கிறது. மாநிலத் தீயணைப்புத் துறை அபாய வலய வரைபடத்தை வரைந்து தருகிறது. நகரங்கள் அதைத் தங்கள் சட்டமாக ஏற்க வேண்டும். ஒரு நகரம் தன் பகுதியின் அபாய நிலையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. ‘மிக உயர்ந்த அபாயம்’ என்று குறித்த இடத்தில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை காய்ந்த புதரையும் சருகையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். இது குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் என்ன கேட்பது, யார் வந்து பார்ப்பது, எப்போதிலிருந்து என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும்.

அப்படி மாறியதில் முக்கியமானது சுவரை ஒட்டிய 5 அடி. அந்த இடத்தில் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்ற விதிக்காக மாநிலம் 2020இல் சட்டம் இயற்றியது. விதிகளை 2023 தொடக்கத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு கடந்துபோனது. பெர்க்லி காத்திருக்கவில்லை. 2025இல் தன் மலைப்பகுதிகள் சிலவற்றுக்கு அதைத் தானே சட்டமாக்கியது. ஆனால் பெர்க்லியின் சட்டம் பெர்க்லியின் எல்லையோடு நின்றுவிடும்.

இப்போது ஒரு வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். இருபது வருஷம் வளர்த்த செடியைப் பிடுங்குகிறார். சுவரைத் தொடும் மரவேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடுகிறார். எல்லாம் சொந்தக் காசு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இது நியாயமா?

“என் வீடு, என் செடி, உனக்கென்ன?” என்று அந்தப் பக்கத்துக்காரர் கேட்கலாம். ஆனால் காட்டுத்தீயில் பல வீடுகள் நேரடிச் சுவாலையால் பற்றுவதில்லை. காற்றில் பறந்து வரும் தீப்பொறி சுவரோரச் சருகில் விழுந்துதான் பற்றுகின்றன. பற்றிய வீடு பக்கத்து வீட்டுக்கு எரிபொருள் ஆகிவிடுகிறது. ஆக, நான் எடுக்கும் ரிஸ்க்கில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழுகிறது. புகைமூட்டத்தை எல்லை தாண்டி வாங்கிச் சுவாசித்த நமக்கு இது புதிதல்ல.

அதற்காக எல்லா ஊருக்கும் ஒரே விதி என்பதுதான் தீர்வு என்று நான் நினைக்கவில்லை. ஒரே விதிக்காகக் காத்திருந்தால் பெர்க்லியும் 2025இல் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். வித்தியாசம் இருப்பதால்தான் யாராவது ஒருவர் முதலில் தொடங்க முடிகிறது. கூட்டலாம், குறைக்க முடியாது என்ற ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததும் அதுதான். எனக்கு இடிப்பது செலவு. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பாட்டியால் வேலியை மாற்ற முடியாது என்றால், அபராதத்துக்கு முன்னால் உதவிதான் போக வேண்டும். அவர் வேலியை எடுப்பதில் அடுத்த வீட்டுக்கும் லாபம் இருக்கிறதே, சுமை மட்டும் ஏன் அவர் ஒருவருக்கு?

இன்னொன்று, எங்கள் தொழிலில் அடிக்கடி கேட்கும் பதில்: “கோடுல இல்லையே பாஸ்.” விதித்தொகுப்பில் கேட்காததைச் செய்யத் தேவையில்லை என்று அர்த்தம். ஒப்பந்தத்துக்கு அந்தப் பதில் போதும். மனசாட்சிக்குப் போதாது. 2025 ஜனவரியில் ஆல்டடீனாவில் எரிந்த வீடுகளில் கணிசமானவை, அன்றைய வரைபடத்தில் ‘மிக உயர்ந்த அபாயம்’ என்ற வலயத்துக்கு வெளியே இருந்தவை. வரைபடம் ஒரு கணிப்பு. உங்களிடம் சட்டம் எதைக் கட்டாயமாகக் கேட்கலாம் என்பதை அது சொல்லும். அடுத்த வீட்டுக்காரருக்கு நீங்கள் என்ன கடன்பட்டிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லாது. அவர் வீடு இருக்கும் தூரத்தை வைத்துத்தான் அதைக் கணக்குப் போட வேண்டும், அவர் எந்த நகராட்சிக்கு வரி கட்டுகிறார் என்பதை வைத்து அல்ல.