ராத்திரி யார் முறை?

அரசாங்கக் கணக்கில் ஒரு நாள் என்பது அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 4 மணிக்கு முடிகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நேற்று 4 மணியிலிருந்து இன்று 4 மணிவரை என்னென்ன செய்தீர்கள் என்று அரைமணி அரைமணியாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். 2024 கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குள் இருப்பவர்களில், வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 140 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 74 நிமிடம். இந்த வித்தியாசத்தில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது எண்ணும் முறைதான். அந்த அரைமணிக்குள் 10 நிமிடத்துக்குக் குறைவாகச் செய்த வேலை பதிவாகாது. எட்டு மாதக் குழந்தை நடுராத்திரியில் சிணுங்குகிறது. எழுந்து, ஈரமா என்று தடவிப் பார்த்து, தட்டிக் கொடுத்து, தொட்டிலை நாலு ஆட்டு ஆட்டிவிட்டுப் படுக்கிறீர்கள். ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். புள்ளியியலில் அந்த அரைமணி முழுக்கத் தூக்கம்.

சரி, குழந்தை சிணுங்கவே இல்லை. எப்போது சிணுங்குமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டு ஒருத்தி படுத்திருக்கிறாள். இதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. எங்கள் வீட்டில் இரவுப் பங்கீடு பற்றி நடந்த சண்டைகள் எல்லாம் உண்மையில் இந்தக் கட்டமில்லாத வேலையைப் பற்றியவைதான். வெளியே பார்த்தால் என்னவோ எண்ணிக்கைச் சண்டை மாதிரி இருக்கும். "நேத்து நான்தானே எழுந்தேன்" என்பார் என் கணவர். உண்மைதான், எழுந்தார். சில வாரங்களில் என்னைவிட அதிகமாகக்கூட எழுந்திருப்பார். ஆனால் குழந்தை எழுப்பியது என்னை. அவரை எழுப்பியது நான். அவர் வேலையை முடித்துவிட்டு வந்து படுத்த வேகத்தில் குறட்டை விடுவார். நான் அவர் எழுவதற்கு முன்பிருந்து, குழந்தை அடங்கி, அவர் திரும்பி வந்து படுக்கும்வரை விழித்திருப்பேன். கணக்கில் அந்த முறை அவருடையது.

"ஆம்பளைங்களுக்குத் தூக்கம் கெட்டி, காதுல விழாது" என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். நானும் கொஞ்ச காலம் நம்பினேன். அவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பராமரிப்புக் குழுவில் இருக்கிறார். சுழற்சியில் அவ்வப்போது ஒரு வாரம் அவருக்கு 'ஆன்-கால்' முறை வரும். அந்த வாரம் எந்நேரத்தில் போன் வந்தாலும் முதல் மணி அடித்து ஓய்வதற்குள் எடுத்துவிடுவார். குரலில் தூக்கச் சடவே இருக்காது. அடுத்த வாரம் முறை வேறொருவருக்கு. அதே போன் அதே மேசைமேல் அதிர்ந்துகொண்டு கிடக்கும், மனிதர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். காது மாறவில்லை. இந்த வாரம் பொறுப்பு யாரிடம் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஏற்பாட்டில் வந்த அழைப்புகளை ஆளுக்குப் பாதி என்று யாரும் பிரிப்பதில்லை. நேரத்தைப் பிரிக்கிறார்கள். முறையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். இல்லாதவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம். அது அவருடைய உரிமை. முடியாமல்போய் அடுத்தவரை எழுப்பினால் அது 'எஸ்கலேஷன்', மறுநாள் காரணம் சொல்ல வேண்டும். வீட்டில் என்ன நடக்கிறது? "மூக்குல விடுற சொட்டு மருந்து எங்க?" "டயப்பர் எந்த அலமாரில?" "அழுகை நிக்கலையே, பசியா இருக்குமோ?" எல்லாமே எஸ்கலேஷன். மறுநாள் யாரும் காரணம் கேட்பதில்லை.

அந்தக் காலத்து அம்மாக்கள் நாலைந்து பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்கவில்லையா என்பவர்களுக்கு என் பதில்: நான் பார்த்தவரை இல்லை. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் அம்மா, ஆச்சி, சித்தி என்று மூன்று பேர் இருந்தார்கள். முன்னிரவில் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஆச்சி படுத்துக்கொள்வாள். வயதானால் எப்படியும் தூக்கம் வராது என்பது அவள் கணக்கு. விடியற்காலை அம்மாவுடையது. பசியாற்ற மட்டும் என்னிடம் கொண்டுவருவார்கள். ஏப்பம் வரவைக்க, துணி மாற்ற, மறுபடி தூங்க வைக்க வேறு கைகள் இருந்தன. தாத்தா, மாமாவெல்லாம் மொட்டைமாடியில். அதற்கு முந்தின தலைமுறையில் திண்ணை. அழுகை எட்டாத தூரத்தில் ஆண்களுக்குப் படுக்கை ஒதுக்கித்தான் வீட்டையே கட்டியிருக்கிறார்கள். ஆக, இரவைப் பங்கிடுவது நமக்குப் பழைய பழக்கம். பங்காளிகள் எல்லாரும் பெண்கள் என்பதுதான் விஷயம். இப்போது இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஆச்சியும் இல்லை, சித்தியும் இல்லை. மிச்சமிருக்கிற ஒரே ஆள் கணவர். அவர் இரவில் எழுவதைப் பெருந்தன்மை என்று பாராட்ட எனக்கு வாய் வராததற்குக் காரணம் இதுதான்.

தாய்வீட்டு ஏற்பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளையின் அப்பா சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்து வந்து, குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையும் தாயும் புகுந்த வீட்டுக்கு வரும்போதுதான் அவருக்கு முதல் இரவுப்பாடம். குழந்தையின் உடம்புக்கு இரவு பகல் பிடிபடத் தொடங்குவதே இரண்டு மூன்று மாதத்தில்தான். அதுவரையிலான குழப்பமான காலம் முழுவதும் அவர் வெளியே. என் கை பழகியிருக்கும், அவர் கை பழகியிருக்காது. அவர் தூக்கினால் அழுகை கூடும், உடனே நான் வாங்கிக்கொள்வேன். அவருக்குக் கை பழகாமலே போவதற்கு இதைவிட நல்ல வழி வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி என்ற உரிமையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தாலாட்டுகளில் ஒன்று பெரியாழ்வார் பாடியது. யசோதையின் இடத்தில் இருந்துகொண்டு கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடுகிறார். குலசேகராழ்வார் ராமனுக்குப் பாடியிருக்கிறார். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஒருவரும் தாலப் பருவத்தை விட்டுவைக்கவில்லை. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த ஆண்டாளை வளர்த்தவர் பெரியாழ்வார் என்பது எங்கள் ஊர் மரபு. அப்படியானால் அந்த மனிதர் ராத்திரியில் எழுந்தும் இருக்க வேண்டும். "இதெல்லாம் நம்ம பக்கம் வழக்கமில்ல" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

என் மாமியார் திருநெல்வேலிக்காரர். எங்களோடு வந்து தங்கும்போதெல்லாம் அவர் சொல்லும் காரணம் வேறு. "அவன் காலைல வேலைக்குப் போகணும்லா, நீ லீவுலதான இருக்க?" இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஒருவர் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், அவருடைய செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03. ஆகவே என் கணவர் லாரி ஓட்டுபவராகவோ கிரேன் இயக்குபவராகவோ இருந்தால் நானே அவரை எழுப்பியிருக்க மாட்டேன். அவர் கணினி முன்னால் உட்கார்பவர். தப்புச் செய்தால் திருத்திக்கொள்ளலாம். அரைத்தூக்கத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறவளும், அடுப்பில் வெந்நீர் வைக்கிறவளும், சோபாவில் சாய்ந்தபடி பால் கொடுத்து அப்படியே கண் அசந்துவிடுகிறவளும் கையில் வைத்திருப்பது திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்று அல்ல. சோபாவில் குழந்தையோடு உறங்கிப்போவது மிகவும் ஆபத்தானது என்று குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

லீவு விஷயத்துக்கு வருகிறேன். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வார விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியாரில் வேலை செய்யும் அப்பாவுக்கு நிறுவனம் பார்த்துக் கொடுப்பதுதான். எனக்கு அந்த 26 வாரம் பெரிய வரம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் லீவில் இருப்பவர் இரவைப் பார்த்துக்கொள்வது இயல்பாகத் தோன்றுகிறது. அப்புறம் லீவு முடிகிறது. திங்கட்கிழமை காலை நானும் டிபன் பாக்ஸோடு வங்கிக்குக் கிளம்புகிறேன். ஞாயிறு ராத்திரி மட்டும் பழையபடியே இருக்கிறது. தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கிய ஒன்று முடிந்ததாக யாரும் அறிவிக்கவில்லை. "பகல்ல குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கிக்க" என்ற யோசனையைச் சொன்னவர்கள் யாரும், நடக்கத் தெரிந்த மூத்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு பகலைக் கழித்தவர்களாக இருக்க முடியாது.

முதல் மாதங்களில் சரிபாதி என்பது நடக்காத காரியம். பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்க வேண்டும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம், எனவே இரவுப் பாலை அவசரப்பட்டு நிறுத்தவும் கூடாது. எடுத்து வைத்துக் கொடுக்கலாம்தான். ஆனால் 'அறை வெப்பத்தில் 4 மணி நேரம்' என்று வழிகாட்டிகள் சொல்லும் அறை 25 டிகிரி அறை. சித்திரை மாதச் சென்னையில் நடுராத்திரிகூட அந்தக் குளிர்ச்சிக்கு வராது. ஃபிரிட்ஜை நம்ப வேண்டும், நாலு நாள்வரை இருக்கும். இதையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும், பால் கொடுப்பது ஒரு பங்கு நேரம் என்றால் அதன் முன்பின் வேலைகள் இரண்டு பங்கு. அவற்றுக்கு எந்த ஹார்மோனும் தேவையில்லை.

இரண்டாவது குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டி, கஞ்சியும் கூழும் தொடங்கிய பிறகு இரவை நடுவில் வெட்டினோம். 2 மணிவரை அவர், அதற்குப் பிறகு நான். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் கிடைப்பது. அவர் எப்படியும் நள்ளிரவுவரை விழித்திருக்கும் ஆள், நான் 9 மணிக்கே சாய்பவள். அதனால் இந்தப் பிரிவினை. அடுத்த அறை, சாத்திய கதவு, முழு வேகத்தில் மின்விசிறி. மின்விசிறி காற்றுக்காக அல்ல, சத்தத்தை மறைக்க.

கடினமாக இருந்தது என் பங்கு வேலை அல்ல, என் பங்கு ஓய்வு. கதவுக்கு அந்தப் பக்கம் அழுகை ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய கிரிக்கெட் ஆட்டத்தின் வர்ணனையை மெல்லிய குரலில் ஒப்பித்துக்கொண்டு நடப்பார். நான் அப்படிச் செய்ய மாட்டேன். பால்கனியில் நிறுத்தித் தெருநாயை வேடிக்கை காட்டுவார். தூங்க வேண்டிய பிள்ளைக்கு நாய் எதற்கு? வாய் வரை வரும். ஆனால் முறை அவருடையது என்றால் அந்த முறையும் அவருடையதாகத்தான் இருக்க முடியும்; என் விதிப்படி அவர் செய்ய வேண்டும் என்றால் மேற்பார்வை நான் பார்க்க வேண்டும், பிறகு எங்கே தூங்குவது? மூத்தவள்தான் ரொம்பப் படுத்தினாள். இருட்டில் எழுந்து "அம்மாதான் வேணும்" என்று அழுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா தூங்குறாங்க, அப்பா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளையை அழவிடுகிறாளே என்று மாமியாருக்குக் கோபம். அப்பாவின் மடியில் அழும் பிள்ளை தனியாக விடப்பட்ட பிள்ளை அல்ல என்பது என் கட்சி. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

குழந்தை அழுதால் பெரியவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் தெரியும். திருஷ்டி என்று மாமியார் சூடம் சுற்றுவார், உரம் விழுந்திருக்கும் என்பார் எதிர்வீட்டு அம்மா, வெறும் வாயு என்பார் டாக்டர். மூன்று பேரும் சொல்வது என்னிடம்தான், முதல் நாள் இரவு குழந்தையோடு இருந்தவர் பக்கத்திலேயே நின்றாலும். இப்போது நான், "அவர்கிட்ட சொல்லுங்க, முன்ராத்திரி அவர்தான்" என்று கைகாட்டிவிடுகிறேன். டாக்டருக்கு அது இரண்டே முறையில் பழகிவிட்டது. மற்றவர்கள் அவர் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, மீதியை என்னிடமே சொல்கிறார்கள்.

காய்ச்சல் வந்த இரவிலும் தடுப்பூசி போட்ட இரவிலும் இந்தப் பிரிவினை நிற்காது. இரண்டு பேரும் விழித்திருப்போம். ராத்திரியில் எந்த ஏற்பாட்டையும் மாற்றுவதில்லை, பேச வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவது என்று மட்டும் வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அடுத்த மாதம் அவருக்கு அமெரிக்க நேர ஷிஃப்ட். மாலை 6.30-க்கு உட்கார்ந்தால் எழுவது 3.30-க்கு. முன்ராத்திரி என்னிடம் வருகிறது, 3.30-இலிருந்து குழந்தை விழிக்கும்வரை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அப்புறம் அவர் பகலில் தூங்க வேண்டும். நான் வங்கியில் இருப்பேன். பகலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டும் என்கிறேன் நான். அம்மாவை ஊரிலிருந்து வரச்சொல்லலாம் என்கிறார் அவர். மறுபடியும் ஓர் ஆச்சியைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்புவதா என்று கேட்டேன். ஆயாவின் சம்பளத்தை யார் கொடுப்பது என்று அவர் கேட்டார்.