வீட்டில் பிடித்த சிகரெட்டுக்காக மருத்துவமனை வேலையை மறுக்கலாமா?

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து கிளினிக், 2007 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் புகைபிடிப்பவர்களை வேலைக்கு எடுப்பதை நிறுத்திக்கொண்டது. தேர்வாகி, வேலை உண்டு என்று சொல்லப்பட்டவர் பணியில் சேருமுன் மருத்துவப் பரிசோதனைக்குப் போவார். அங்கே அவர் கொடுக்கும் சிறுநீரில் கோட்டினின் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உடலுக்குள் போன நிகோடினைக் கல்லீரல் சிதைக்கும்போது உண்டாகும் பொருள் அது. இருந்தால் வேலை கிடையாது. அறுவை சிகிச்சை நிபுணரானாலும் சமையல்கூடத்தில் தட்டு கழுவ வந்தவரானாலும் விதி ஒன்றுதான். பழக்கத்தை விடுவதற்கான சிகிச்சையை மருத்துவமனை இலவசமாகத் தரும். 90 நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை விதி தொடவில்லை.

இதை வெறும் அதிகாரத் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. காலிலிருந்து எடுத்த சிரையை, அடைபட்ட இதய ரத்தக்குழாய்க்கு மாற்றுப் பாதையாக வைத்துத் தைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சையை ரெனே ஃபாவலோரோ 1967இல் வளர்த்தெடுத்தது இந்த மருத்துவமனையில்தான். விதி வந்தபோது தலைமைப் பொறுப்பில் இருந்த டோபி காஸ்குரோவும் இதய அறுவை நிபுணர். சிகரெட் ஒரு ரத்தக்குழாயை என்ன பாடுபடுத்தும் என்பதை இவர்கள் கையால் தொட்டுப் பார்த்தவர்கள். "விட்டுவிடுங்கள்" என்று நோயாளியிடம் சொல்லும் இடத்தின் ஊழியரே வாசலில் நின்று புகைத்தால் அந்தச் சொல்லை யார் மதிப்பார்கள் என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மருத்துவத் துறை இந்த விஷயத்தில் தன் வீட்டைத் திருத்திக்கொண்ட வரலாறும் உண்டு. 1946இல் வேறு எந்த சிகரெட்டையும்விட மருத்துவர்கள் அதிகம் பிடிப்பது கேமல்தான் என்று வெள்ளைக் கோட்டு மனிதரின் படத்தோடு பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. ஐந்தாண்டு கழித்து ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டனின் மருத்துவர்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் புகைப்பழக்கத்தை எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் அவர்களில் யார் எப்போது எதனால் இறந்தார்கள் என்பது பல பத்தாண்டுகளாகக் குறிக்கப்பட்டது. 2004இல் வெளிவந்த ஐம்பதாண்டுக் கணக்கின்படி, 30 வயதில் சிகரெட்டை விட்டவருக்குச் சுமார் 10 ஆண்டு ஆயுள் மிச்சமானது. 60 வயதில் விட்டவருக்குக்கூட 3 ஆண்டு. அமெரிக்காவில் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை 1933இல் வெற்றிகரமாக அகற்றிக் காட்டிய எவார்ட்ஸ் கிரகாம், 1950இல் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். நெடுங்காலம் புகைத்தவர். 1957இல் அதே நோயில்தான் இறந்தார்.

அந்தத் தலைமுறை மருத்துவர்கள் சிகரெட்டைக் கீழே போட்டது தங்கள் சக மருத்துவர்களின் சாவுக் கணக்கைப் பார்த்துத்தான். வேலை போய்விடும் என்று யாரும் அவர்களை மிரட்டவில்லை.

இரண்டு கேள்விகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்குள், பணி நேரத்தில், ஊழியர் புகைபிடிக்கலாமா என்பது ஒன்று. புகைபிடிக்கிற ஒருவர் மருத்துவமனையில் ஊழியராகவே இருக்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உலகம் பெரும்பாலும் பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் கூட்டு ஆணையம் 1990களின் தொடக்கத்திலேயே கட்டடத்துக்குள் புகை கூடாது என்று நிபந்தனை விதித்தது. வேல்ஸில் 2021 மார்ச் முதல் மருத்துவமனை வளாகத்தில் புகைப்பதே சட்டப்படி குற்றம். ஸ்காட்லாந்தில் 2022 செப்டம்பர் முதல் மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து 15 மீட்டருக்குள் பற்றவைக்கக் கூடாது.

இந்த விதிகள் சரியானவை. படுக்கையில் இருப்பவரால் எழுந்து வேறிடம் போக முடியாது. கீமோதெரபி எடுத்துக்கொண்டு குமட்டலோடு போராடும் ஒருவருக்கு ஊசி போட வரும் கையில் சிகரெட் வாடை இருந்தாலே போதும், வயிறு புரட்டிவிடும். ஆஸ்துமா வந்த குழந்தைக்கு ஆக்சிஜன் முகமூடி பொருத்தக் குனிகிறவரின் சட்டையிலும் தலைமுடியிலும் புகையின் எச்சம் ஒட்டியிருக்கும். நோயாளியின் காற்றும் நோயாளியின் மூக்கும் மருத்துவமனையின் பொறுப்பு. உடுப்பில் வாடையோடு வார்டுக்குள் வரக்கூடாது என்று சொல்வதற்கு அதற்கு முழு உரிமை உண்டு. வளாகம் முழுவதும் தடை என்றால், 12 மணி நேர ஷிப்டில் இருக்கும் நர்ஸ் நள்ளிரவில் கேட்டைத் தாண்டி இருட்டான சாலையோரத்துக்குப் போய் நிற்கும் நிலை வரும் என்பதையும் மறக்கக் கூடாது. தடை போட்ட கையோடு அந்த ஷிப்டைத் தாக்குப்பிடிக்க நிகோடின் பேட்ச்சோ சூயிங்கமோ கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. பல இடங்களில் அறிவிப்புப் பலகை வந்த வேகத்தில் அந்த உதவி வருவதில்லை.

சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பும் 2013 ஜூலை முதல் புகையிலை பயன்படுத்துபவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று அறிவித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் இது பற்றி இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. இரண்டிலும் அதே பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள் இருந்தார்கள். டேவிட் ஆஷ், ரால்ஃப் முல்லர், கெவின் வோல்ப் மூவரும் இந்தக் கொள்கையில் உள்ள சங்கடங்களை ஒப்புக்கொண்டே, புகையின் கொடுமையைப் பார்க்கையில் அதற்கு இடமுண்டு என்றார்கள். ஹரால்ட் ஷ்மிட், கிறிஸ்டின் வாய்க்ட், எசகியேல் இமானுவேல் மூவரும் இது அறமற்றது, ஏற்கெனவே வாழ்க்கையில் பின்தங்கியவர்கள் தலையில் மேலும் சுமையை ஏற்றுவது என்றார்கள்.

பின்தங்கியவர்கள் என்று அவர்கள் சொன்னது யாரை? அமெரிக்காவின் 2010-11 கணக்கெடுப்பை வைத்து ஜாமா இதழில் 2014இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மருத்துவர்களில் புகைபிடிப்பவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. பதிவு பெற்ற நர்ஸ்களில் சுமார் 7 சதவீதம். அவர்களுக்குக் கீழே, குறைந்த படிப்பும் குறைந்த சம்பளமுமாக, நோயாளியைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுகிற உதவிநிலை நர்ஸ்களில் 25 சதவீதம். காகிதத்தில் எல்லோருக்கும் பொதுவான விதி, நடைமுறையில் ஐம்பது மருத்துவர்களில் ஒருவரைத் தடுக்கும்போது உதவிநிலை நர்ஸ்களில் நான்கில் ஒருவரைத் தடுக்கிறது. பல சிற்றூர்களில் மருத்துவமனைதான் பெரிய முதலாளி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த நான்கில் ஒருவருக்கு அடைபடுவது ஊரில் நல்ல சம்பளம் தரும் ஒரே கதவாகக்கூட இருக்கலாம்.

பரிசோதனையும் நேர்மையான அளவுகோல் அல்ல. சிறுநீரில் கோட்டினின் சில நாட்களே தங்கும். விருந்தில் மட்டும் புகைப்பவர் ஒரு வாரம் வாயைக் கட்டிவிட்டு வந்து தேறிவிடுவார். காலையில் கண்விழித்ததும் சிகரெட்டைத் தேடுகிறவர், அதாவது உதவி மிகவும் தேவைப்படுகிறவர், மாட்டிக்கொள்வார். நிகோடினுக்கு அடிமையாவதை மருத்துவமே நோய் என்கிறது. கட்டிலில் படுத்திருக்கும்போது நோயாகப் பார்க்கப்படுவது, வேலை கேட்டு வரும்போது மட்டும் குற்றமாகப் பார்க்கப்பட்டால் அந்த மருத்துவமனை தன் படிப்பையே மறுக்கிறது.

செலவை முன்வைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஊழியரின் மருத்துவக் காப்பீட்டை நிறுவனமே பெரும்பாலும் சுமக்கிறது. புகைபிடிப்பவரால் அந்தச் செலவு கூடுகிறது. உண்மைதான். அந்த வழியில் நடக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதையும் அந்நாடு பார்த்துவிட்டது. சட்டச் சிக்கல் இல்லையென்றால் உடல்பருமன் உள்ளவர்களையும் எடுக்க மாட்டேன் என்று 2009இல் நியூயார்க் டைம்ஸின் வார இதழிடம் காஸ்குரோவ் சொன்னது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. டெக்சஸ் மாநிலத்தின் விக்டோரியா நகர மருத்துவமனை ஒன்று, உயரத்துக்கும் எடைக்குமான குறியீட்டெண் 35ஐத் தாண்டியவர்களை எடுப்பதில்லை என்று விதி வைத்திருந்தது 2012இல் செய்தியானது. வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் முதலாளியின் கண் போகலாமா? சுமார் 29 மாநிலங்கள், புகைபிடிப்பதற்காக மட்டும் ஒருவருக்கு வேலையை மறுக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கின்றன. சில சட்டங்களில் சிகரெட் கம்பெனிகளின் கை இருந்தது என்பது உண்மை. அதனால் பணி நேரத்துக்குப் பிந்தைய வாழ்க்கை தொழிலாளியுடையது என்ற அடிப்படை பொய்யாகிவிடாது.

வேப் எனப்படும் மின்சிகரெட் வந்தபின் கணக்கு இன்னும் குழம்பியது. சிகரெட், வேப், பேட்ச், நிகோடின் சூயிங்கம் எதுவானாலும் சிறுநீரில் தெரிவது அதே கோட்டினின்தான். இருபது வருடம் புகைத்துவிட்டு, ஆறு மாதமாக வேப்பைப் பிடித்துக்கொண்டு சிகரெட்டைத் தொடாமல் இருக்கும் ஒரு வார்டு ஊழியரும், நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவரும் அந்தக் குப்பிக்கு ஒன்றுதான். கூடுதலாக வேறொரு பொருளைத் தேடிப் பார்த்தால் புகையிலையைத் தனியே அடையாளம் காண முடியும். அதற்கு யார் மெனக்கெடுகிறார்கள்?

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2015இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு, வேப் சிகரெட்டைவிடச் சுமார் 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்றது. அந்த எண் நிபுணர் குழுவொன்றின் மதிப்பீட்டை ஒட்டியது. அதன் துல்லியத்தைப் பலர் அப்போதே கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆனாலும் எரிகிற புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் வேப்பில் இல்லை என்பதில் பெரிய சர்ச்சை கிடையாது. 2019 ஜூலையில் பர்மிங்ஹாம் பகுதியின் இரண்டு அரசு மருத்துவமனைகள் வளாகத்தில் புகைபிடித்தால் 50 பவுண்டு அபராதம் என்று அறிவித்துவிட்டு, உள்ளேயே வேப் கடைகளையும் திறக்கவிட்டன. அதே ஆண்டு அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களிடையே கடுமையான நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை சுமார் 2,800 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சாறு கலந்த திரவத்தில் சேர்த்த வைட்டமின் இ அசிட்டேட்தான் முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

மருத்துவமனைக்குள் வேப் கடை திறப்பது தேவையில்லாத ஒன்று. பேட்ச் கொடுக்கும் மருந்தகம் அங்கேயே இருக்கும்போது, பதின்பருவப் பிள்ளைகளையும் இழுக்கும் ஒரு பொருளுக்கு மருத்துவமனை தன் முகவரியை இரவல் தர வேண்டியதில்லை. அதற்காக வேப்பையும் சிகரெட்டையும் ஒரே தராசில் நிறுத்தி ஊழியரைத் தண்டிப்பதும் தவறு. வார்டிலும் ஓய்வறையிலும் இரண்டுமே கூடாது. வாசலிலிருந்து தள்ளி, நோயாளிகள் கடந்து போகாத திறந்த இடத்தில் வேப்புக்கு அனுமதி தரலாம். சிகரெட்டை விட்டு வந்தவரை மறுபடி சிகரெட்டின் பக்கம் தள்ளாமலிருக்க அது உதவும்.

வேலைக்கு எடுக்கும் இடத்தில், புகைபிடிப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரில் கொண்டுவந்த விதியில் ஒரு நல்ல கூறு இருந்தது. புகைபிடிக்கிறீர்களா என்பதோடு, இங்கே சேர்ந்தபின்னும் தொடர்வீர்களா என்றும் அது கேட்டது. விட முயல்கிறேன் என்பவருக்குக் கதவு திறந்திருந்தது. பொய் சொல்லிச் சேர்பவர்கள் இருப்பார்கள்தான். ஆனால் சேர்ந்தவரை விடவைக்கவும் வழி உண்டு. வோல்ப் குழுவினர் ஜெனரல் எலெக்ட்ரிக் ஊழியர்கள் 878 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், சிகிச்சை பற்றிய தகவல் மட்டும் பெற்றவர்களில் 5 சதவீதத்தினர் நெடுநாள் சிகரெட்டை விட்டிருந்தார்கள்; கூடவே 750 டாலர் வரை ஊக்கத்தொகையும் கிடைத்தவர்களில் 14.7 சதவீதத்தினர். வேலையில் வைத்துக்கொண்டே விடவைக்க வழி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

கிளீவ்லாந்து வைத்த 90 நாளையே எடுத்துக்கொள்ளலாம். சிகரெட்டை விட உதவும் வரனிக்ளின் மாத்திரையின் வழக்கமான காலம் 12 வாரம், கிட்டத்தட்ட அதே அளவு. அந்த மூன்று மாதத்தைச் சம்பளமும் காப்பீடும் இல்லாமல் வெளியே கழிக்கச் சொல்வதற்குப் பதிலாக, வேலையில் சேர்த்துக்கொண்டு, முதல் நாளே மாத்திரையும் ஆலோசகரும் கொடுத்து உள்ளேயே கழிக்கவிடலாம். முதல் முயற்சியில் தோற்பவர்கள்தான் அதிகம் என்பதால் 91ஆம் நாள் சிறுநீரில் கோட்டினின் இருந்தாலும் அவரை வெளியே அனுப்பாமல் இரண்டாம் சுற்றுச் சிகிச்சை தொடங்க வேண்டும். வார்டுக்குள் வாடையோடு வந்தால் மட்டும் எச்சரிக்கை, அது எல்லோருக்கும், தலைமை அறுவை நிபுணருக்கும் சேர்த்து.