மறைவாகக் கொடுத்தல் அறமாகுமா?

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பெயர் விளங்கக் கொடுப்பவனைவிடப் பெயர் மறைத்துக் கொடுப்பவனையே சான்றோர் உயர்ந்தவனாகக் கருதினர். அவ்வாறாயின், தேர்தலில் நிற்கும் ஒருவருக்கோ கட்சிக்கோ மறைவாகப் பொருள் வழங்குதலை மட்டும் குற்றமென்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்? ஒரே செயல் ஓரிடத்தில் அறமாகவும் பிறிதோரிடத்தில் மறமாகவும் ஆவது ஏன்? இக்கேள்வியை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கொடை என்பதில் கொடுப்பவர், கொடுக்கப்படும் பொருள், பெறுபவர் என மூன்று உண்டு. பசித்தவனுக்குச் சோறிடுபவன் தன் பெயரை மறைக்கும்போது, பெறுபவனிடமிருந்தே அதனை மறைக்கின்றான். அதனால் பெறுபவன் கடன்பட்டவனாகக் கூசி நிற்பதில்லை. அரசியற் கொடையிலோ நிலைமை நேர்மாறானது. கொடுத்தவர் இன்னாரென்று பெறுபவர் நன்கு அறிவார், அறியாதவர்கள் பொதுமக்களே. மேலும், பெற்றவர் கைம்மாறு செய்ய விரும்பினால் எதனைக் கொண்டு செய்வார்? குத்தகை, உத்தரவு, வரிச்சலுகை ஆகிய இவை யாவும் பொதுமக்களுடையவை. பிறர் உடைமையைக் கொண்டு தன் கடனைத் தீர்த்தற்கு இடமளிக்கும் கொடை கொடையன்று, அது விலை.

இவ்வுண்மை அண்மையில் நம் நாட்டின் உயர்ந்த மன்றத்திலேயே ஆராயப்பட்டது. 2018-ஆம் ஆண்டு முதல் தேர்தல் பத்திரம் என்னும் முறை நடைமுறையில் இருந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கி எவரும் ஒரு கட்சிக்கு வழங்கலாம்; வழங்கியவர் பெயரை மக்கள் அறிய வழியில்லை. 2024 பிப்ரவரி 15-இல், ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியற் சாசன அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமைக்கு இம்முறை மாறானதென்று கூறி அதனை நீக்கியது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். வாக்கு மறைவாக அளிக்கப்படுகின்றதே, பொருளை மட்டும் ஏன் வெளிப்படையாக அளிக்க வேண்டும் என்று சிலர் வினவுவர். விடை எளிது. வாக்கின் மறைவு, நிலக்கிழாருக்கும் முதலாளிக்கும் அஞ்சி வாழும் எளியவனைக் காக்கின்றது. பெருங்கொடையின் மறைவோ வலியவனைக் காக்கின்றது. ஒவ்வொருவர்க்கும் வாக்கு ஒன்றே. பொருளுக்கு அத்தகைய அளவு கிடையாது. ஆகவே வாக்கு மறைவாகவும் பொருள் வெளிப்படையாகவும் இருத்தலே நீதி. சிறுதொகை தருவோரைப் பற்றிக் கவலை வேண்டா. கேரளத்துத் தெருக்களில் கட்சித் தொண்டர்கள் வாளி ஏந்தி வரும்போது பத்து ரூபாய் இடுபவருக்கு எந்த அமைச்சரும் கைம்மாறு செய்யப்போவதில்லை. சட்டமும் ரூ. 20,000-க்கு மேற்பட்ட நன்கொடைகளுக்கே கட்சிகளிடம் பெயர் கேட்கின்றது.

திருவனந்தபுரம் இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமானதோர் இடம். 1904-ஆம் ஆண்டு இந்நகரின் விக்டோரியா ஜூபிலி மண்டபத்தில் ஸ்ரீமூலம் பிரஜாசபை முதன்முதலாகக் கூடிற்று. அக்காலத்தில் பொருளே உரிமைக்கு வாயிலாக இருந்தது. பெரும்பாலும் நிலவரி செலுத்துவோரும் பொருள் படைத்தோரும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் தகுதியுடையோராயினர். நிலமற்றோரின் குரலாக அய்யன்காளி அச்சபையில் அமர்ந்தது தேர்தலினால் அன்று, நியமனத்தினால். 1932-இல் தோன்றிய நிவர்த்தனக் கிளர்ச்சியில் ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒன்றுகூடி, நிலவரியை அடிப்படையாகக் கொண்ட வாக்குரிமை தங்களுக்குரிய இடத்தை மறுக்கின்றதென்று கூறித் தேர்தலிலிருந்து விலகி நின்றனர். 1948-இல் திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தனர். ஜூபிலி மண்டபம் 2019 முதல் அய்யன்காளி மண்டபம் எனப் பெயர் பெற்றுள்ளது. வாக்களிக்கும் வாயிலில் நின்ற பொருள் இவ்வாறு அகற்றப்பட்டது. ஆயினும் அது வேறொரு வாயிலில், அதாவது தேர்தலில் நிற்கும் வாயிலில், சென்று நின்றுகொண்டது என்பதை மறுக்கவியலாது.

இதனைத் தடுக்கவே செலவுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் கேரள மாநிலத் தேர்தல் ஆணையம் விதித்த வரம்பு, கிராம ஊராட்சிக்கு ரூ. 25,000; வட்டார ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ரூ. 75,000, மாவட்ட ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் ரூ. 1,50,000. சட்டசபைத் தேர்தலுக்கு 2022-இல் கேரளம் போன்ற பெரிய மாநிலங்களில் வரம்பு ரூ. 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் சட்டசபை, பாராளுமன்றத் தேர்தல்களில் இவ்வரம்பு அபேட்சகருக்கே உரியது, கட்சிக்கு வரம்பில்லை. 1974-இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில், அபேட்சகருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கிலேயே சேர்த்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. உடனே சட்டம் திருத்தப்பட்டு அத்தீர்ப்பு பயனற்றதாக்கப்பட்டது. முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்து வைத்தலுக்கு இது ஒப்பாகும்.

இனி, கணக்கைப் பற்றிச் சிந்திப்போம். கேரள உள்ளாட்சித் தேர்தலில் நின்ற ஒவ்வொருவரும் முடிவு வெளியான முப்பது நாட்களுக்குள் கணக்குத் தருதல் வேண்டும். 2020 தேர்தலில் நின்றவர்களுள், கணக்குத் தாராமை முதலிய காரணங்களால் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆணையம் 2023-இல் ஐந்தாண்டுக் காலத்துக்குத் தகுதியற்றோராக அறிவித்தது. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரையும் அவர்தம் உறவினரையும் குடவோலையிற் பெயரிடலாகாதென விலக்குகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் கணக்கைத் தகுதியின் அடையாளமாகக் கொண்டனர்.

எனினும், நடுநிலையுடன் நோக்குவோர்க்கு இங்கு ஒரு வருத்தம் தோன்றாமற் போகாது. கணக்கே தாராதவனின் குற்றம் தானே வெளிப்படுகின்றது; பொய்க்கணக்குத் தந்தவனின் குற்றத்தையோ ஒருவர் முன்வந்து மெய்ப்பித்தல் வேண்டும். ஆகவே, தோற்று மனம் தளர்ந்து தாளை அனுப்ப மறந்த ஏழை எளிதில் அகப்படுகின்றான். பன்மடங்கு செலவழித்து வரம்புக்குள் எழுதிக் கையொப்பமிட்டவன் எளிதில் தப்புகின்றான். அவன் பொதுவாழ்வின் முதற் செயலே பொய்யுரையாகின்றது. எல்லோரும் அவ்வாறே செய்கின்றனர், நான் மட்டும் உண்மை எழுதினால் தோற்பேன் என்பான் அவன். ஆனால் மக்களின் பணத்துக்குக் கணக்கெழுதும் பொறுப்பையன்றோ அவன் வேண்டி நிற்கின்றான்! தன் பணத்துக்கே மெய்க்கணக்கு எழுத இயலாதவன் அப்பொறுப்பை எங்ஙனம் தாங்குவான்?

தண்டனையைக் கடுமையாக்குவதனால் மட்டும் இக்குறை தீராது. கணக்கு வரும் காலத்தை மாற்றுதல் வேண்டும். வாக்களித்து முடிந்தபின் வரும் கணக்கு வாக்காளனுக்கு என்ன பயன் தரும்? வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னரே, ஒவ்வோர் அபேட்சகரும் பெற்ற நன்கொடையும் செய்த செலவும் அவ்வார்டின் பொதுவிடத்தில் எழுதி ஒட்டப்படட்டும். எத்தனை சுவர் எழுதப்பட்டது, எத்தனை வாகனம் ஓடிற்று என்பதை அண்டை வீட்டார் அறிவார். பொய் அவர்கள் கண்முன் நில்லாது. அரசியற் சாசனத்தின் 243-கே பிரிவின்படி உள்ளாட்சித் தேர்தல் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் மாநிலச் சட்டசபைக்கே உண்டு. டில்லியை எதிர்பாராது கேரளமே இதனைத் தொடங்கலாம். தமிழ்நாடும் பின்பற்றலாம். 2017-இல் இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும் 2019-இல் வேலூர்ப் பாராளுமன்றத் தேர்தலும் பணப் புழக்கத்தால் நிறுத்தப்பட்டதை நாம் மறத்தலாகாது.

பிக்கு சங்கத்தில் வாக்கெடுப்பு இருந்ததென்பதை 1949 நவம்பர் 25-இல் டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் நினைவூட்டினார். அங்கே வாக்குக்குரிய சலாகைகளை வழங்குபவர் ஆசை, பகை, மயக்கம், அச்சம் ஆகிய நான்கினாலும் நெறி பிறழாதவராயிருத்தல் வேண்டுமென்பது விநய விதி. வாக்கைச் சேகரிப்பவனுக்கே இத்தூய்மை வேண்டுமாயின், வாக்கை வேண்டுபவனுக்கும் வாக்கை அளிப்பவனுக்கும் அது வேண்டாவோ? பணம் பெற்று வாக்களிப்பவன், தான் பெற்றதனைவிடப் பன்மடங்கைத் தன் அயலாரிடமிருந்து பறித்துக் கொடுக்க ஒப்புகின்றான். சட்டம் பொருளின் வழியை வெளிச்சமாக்கலாம். கையை நீட்டாதிருத்தல் அவரவர் கடமையேயாகும்.