கோவிலும் பள்ளிக்கூடமும்

ஊர் கூடிக் கோவில் கட்டுவது வழிபாடு என்றால், ஊர் கூடிப் பள்ளிக்கூடம் கட்டுவதும் வழிபாடுதானா? ஆம் என்பதே என் வாதம். பள்ளிக்கூடங்களே இனி முதன்மை ஆலயங்களாகட்டும் என்று 1917இல் கேரளத் துறவி ஸ்ரீநாராயண குரு அறிவுறுத்தினார். 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவியவரே சொன்னதால், இதை இறைமறுப்பு என்று தள்ளிவிட முடியாது. குருவின் அந்த அறிவுரைக்கு முன்பே, 1904இல் கேரளத்தின் வெங்ஙானூரில் தலித் தலைவர் அய்யன்காளி ஒடுக்கப்பட்ட புலையர் சாதிப் பிள்ளைகளுக்காக எழுப்பிய பள்ளியை ஆதிக்கச் சாதியினர் கொளுத்தினார்கள். மக்கள் மறுபடியும் கட்டினார்கள். அதைப் பக்தி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அரசின் கடமையை ஏழைகள் ஏன் சுமக்க வேண்டும், அது அரசுக்குத் தப்பிக்க வழியாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இடுக்கி, பாலக்காடு மலைகளில் உள்ள பழங்குடி ஊர்களான குடிகளில் 1990களின் இறுதியிலிருந்து ஓராசிரியர் பள்ளிகள் நடந்தன. ஊராரே எழுப்பிய மூங்கில் தட்டி, மண் சுவர், ஒரே அறை. நான்கு வகுப்புகளும் அதற்குள்ளேதான். 2022இல் கேரள அரசு அவற்றை மூடியது. காட்டுவழி தூரமான குடிகளில், ஆறு வயதுப் பிள்ளைக்கும் விடுதிதான் மாற்று என்றானது. ஆகவே ஊரார் உழைப்பு அரசின் கடனைத் தீர்த்துவிடாது. அதை இன்னும் அழுத்தமாகக் கேட்கும் உரிமையைத்தான் தருகிறது. கட்டிய கோவிலுக்கு அன்றாடம் விளக்கு வேண்டும். பள்ளிக்கு அந்த விளக்கு ஆசிரியரின் சம்பளம், அது கருவூலத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த ஆசிரியர் ஏன் தேவை? முதுவான் பழங்குடிப் பிள்ளை வீட்டில் பேசுவது தமிழுக்கு நெருக்கமான மொழி, பாடநூலோ மலையாளம். குடியிலேயே தங்கும் ஆசிரியரால்தான் இந்த இடைவெளியைக் கடக்க முடியும்.