யார் காப்பாற்றியது?

போன வெள்ளிக்கிழமை ஆலையம்மன் கோயிலில் எதிர்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கலவரத்துலேருந்து அம்மன்தாங்க்கா உங்களைக் காப்பாத்தி, தேனாம்பேட்டையில கொண்டாந்து சேர்த்தா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நாற்பது வருடமாக என் தொண்டையில் சிக்குகிற வார்த்தை அது.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள், தமிழர் வீடுகளைத் தேடி, வாக்காளர் பட்டியலோடு கூட்டம் வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி எங்கள் நாலு பேரையும் தன் சாமான் அறைக்குள் தள்ளி வெளியே பூட்டினா. அரிசி மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவில் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தா. அவ விரலில் அப்போதுதான் அரிந்த வெங்காய மணம். தமிழர் ஒருவரும் இங்கே இல்லை என்று அன்ரி சிங்களத்தில் சத்தியம் செய்வது கேட்டது. கூட்டம் எதிர்வீட்டுக்குப் போனது. அந்த வீட்டு மாமா விடியற்காலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடுகிறவர். எங்கள் வீட்டில் அவ்வளவு பக்தி கிடையாது.

பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், காங்கேசன்துறைக்குக் கப்பல், அடுத்த வருடம் ராமேஸ்வரத்துக்குப் படகு, மண்டபம் முகாம். 

என்னைக் கடவுள் காப்பாற்றினார் என்றால், மாமாவை அவர் கைவிட்டார் என்றாகிறது. அதை எந்த வாயால் சொல்வது? 1944-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில், சாவுக்கான தேர்விலிருந்து தப்பிய கிழவர் ஒருவர் உரக்கக் கடவுளுக்கு நன்றி சொன்னார். பக்கத்துப் படுக்கையில், நச்சுவாயு அறைக்குக் குறிக்கப்பட்ட இருபது வயதுப் பையன் விளக்கைப் பார்த்தபடி கிடந்தான். அங்கிருந்து உயிரோடு மீண்ட பிரீமோ லேவி, அந்தப் பிரார்த்தனையின் மேல் தனக்கு வந்த கோபத்தை எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

வினைப்பயன் என்று பெரியவர்கள் எனக்குச் சொல்லிப் பார்த்தார்கள். அதே வாரம் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்ட தமிழ்க் கைதிகள் 53 பேருக்கும் ஒரே வினையா? கொன்றவன் கையை மறைக்கிற பதில் அது. எனக்கு வேண்டாம்.

அன்ரி தினமும் காலையில் புத்தர் முன்னால் ஐந்து சீலம் சொல்லுவா. நாலாவது, பொய் சொல்லாமை. எங்களுக்காக அதை முறித்தா. கூட்டத்துக்குத் தெரிந்திருந்தால் அவ வீடும் எரிந்திருக்கும். கடவுளை நான் விடவில்லை. ஆனால் அவரிடம் நன்றி சொல்லுவதில்லை. அன்ரி பெயருக்கும் மாமா பெயருக்கும் அர்ச்சனை செய்கிறேன். இருவர் நட்சத்திரமும் தெரியாது. குருக்கள் பெயரை மட்டும் சொல்லிச் செய்துவிடுகிறார்.

தப்பி வந்த ஒருவரைப் பார்த்தால், கடவுள் காப்பாற்றினார் என்று நீங்களே முடித்துவிடாதீர்கள். யார் காப்பாற்றியது என்று கேளுங்கள். யார் வரவில்லை என்றும் கேளுங்கள்.