ஓய்வு யாருடையது?

அமெச்சூர் வானொலிக்காரரை வசதி படைத்தோரின் பொழுதுபோக்குக் கூட்டமென நம்மிற் பலர் ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அம்பாந்தோட்டையைச் சிதைத்துத் தொலைபேசியும் செயலிழந்தபின், அடுத்த நாட்களில் அந்நகரைச் சிற்றலை வழியே கொழும்போடு இணைத்தவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தின் தொண்டர்களே. அவர்கள் கூலி கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. பண நோக்கின்றி இயங்குபவரே அமெச்சூர் என்பது சர்வதேச விதி. இலாபமின்றி எவனும் உழையான் என வாதிடுவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

எனினும் நமது பழைய குறையிலும் உண்மையுண்டு. அத்தொண்டுக்கு வேண்டிய கைப்பழக்கம் ஒரே நாளில் வந்ததன்று. பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் பெற்று, பல்லாண்டு மாலைப்பொழுதுகளில் முகமறியா அயல்நாட்டு நண்பரோடு வெறுமனே அளவளாவிப் பெற்றது. (அழைப்புக் குறியின் 4எஸ்7 நாட்டைச் சொல்லும், பேசுபவரின் இனத்தையோ சாதியையோ சொல்லாது. அதுவும் ஒரு நன்மைதான்.) கொட்டாஞ்சேனையில் ஒற்றையறையில் வாழும் துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கு அம்மாலைகள் ஏது? வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் வாடகைக்கிருக்கும் மாணவி ஏரியல் கட்டக் கூரைக்கு எங்கே போவாள்? பாடசாலை தோறும் பொதுவில் ஒரு நிலையம் வேண்டுமென நாம் கேட்பது இதனாலேயே.